பத்தொன்பது நாளாக ஒரு ஊசிகூட உடையவில்லை

2022 ஜூன் மாதம் என்னை ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற ஒரு பனியன் கம்பெனி. இரண்டு லைன், 34 மெஷின், டெய்லர், கைமடி (டெய்லருக்குக் கூடமாட உதவுகிறவர்), செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 46 பேர். அதற்கு முன்னால் பதினோரு வருடம் இதே ஊரில்தான் வேலை பார்த்தேன். பிசிறு வெட்டுகிற இடத்தில் தொடங்கி, செக்கிங், அப்புறம் லைன் கியூசி, அதாவது லைனிலேயே தரம் பார்க்கிற வேலை. தையல் குறை எங்கே வரும், எந்த மெஷினில் யார் உட்கார்ந்தால் மணிக்கு எத்தனை பீஸ் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஆட்களுக்குப் பொறுப்பாக இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் என்ன ஆனது என்பதை எழுதுகிறேன். அதே லைனில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு அதே லைனுக்குப் பொறுப்பாக வருகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு உள்ளே போனால், எனக்கு நஷ்டமான அளவுக்கு அவர்களுக்கு ஆகாது.

எங்கள் ஃப்ளோர் சுவரில் ஒரு போர்டு உண்டு. தரம், நேர்மை, பாதுகாப்பு, ஒற்றுமை என்று நான்கு வார்த்தை. கம்பெனி எப்படி நடக்கிறது, ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக அடித்து மாட்டியது. முதல் திங்கட்கிழமை டீ நேரத்தில் எல்லாரையும் அதற்குக் கீழே கூட்டி வைத்துப் பேசினேன். "என்ன தப்பு நடந்தாலும் மறைக்காம எங்கிட்ட வந்து சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். மனசாரச் சொன்னேன். செக்கிங்கில் இருந்தபோது ஒரு சூப்பர்வைசரிடம் நான் பட்ட பாடு மறக்கவே இல்லை. அவரைப்போல நான் இருக்க மாட்டேன் என்று முழுசாக நம்பினேன்.

அந்த வருடம் எல்லாக் கம்பெனிக்கும் கஷ்டமான வருடம். மே மாதம்தான் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து திருப்பூரில் இரண்டு நாள் கதவடைப்பு நடந்திருந்தது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஆர்டரைப் புது நூல் விலையில் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். மணிக்கு ஒருமுறை போர்டில் எத்தனை பீஸ் என்று எழுத வேண்டும், குறைந்தால் மேனேஜர் போனில் வருவார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நெருக்கடியில் நான் எதைப் பிடித்துக்கொள்கிறேன், எதை விட்டுவிடுகிறேன் என்று 46 பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

முதலில் விட்டது ஆடிட்டில். ஜூலையில் ஆடிட் வந்தது. அதற்கு முந்தின நாள், வேலை நேரம் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் வாரத்தில் நான்கு நாளாவது ஒன்றரை ஷிப்ட், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் இன்னும் அரை ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி. எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது அது இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேர்மை என்று எழுதிய அதே போர்டுக்குக் கீழே நின்று, "எட்டு மணி நேரம்தான்னு சொல்லிருங்க" என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. சரி, புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். புரிந்துதான் கொண்டார்கள்.

இரண்டாவது, துணிக்குள் ஊசித் துண்டு மாதிரி இரும்பு இருந்தால் சத்தம் கொடுக்கிற மெட்டல் டிடெக்டர். குழந்தைகள் உடுப்பு என்றால் மடித்துக் கவரில் போட்ட பிறகு ஒவ்வொரு பீஸும் டிடெக்டர் பெல்ட்டில் போகவேண்டும். மணிக்கு ஒருமுறை பெல்ட்டை நிறுத்தி, 1.2 மில்லிமீட்டர் இரும்புத் துகள் பதித்த டெஸ்ட் கார்டை ஒன்பது இடத்தில் வைத்து, மெஷின் சத்தம் கொடுக்கிறதா என்று பார்த்து ஷீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். ஐந்தாறு நிமிஷ வேலை. ஆகஸ்டில் ஒரு நாள் அவசரத்தில் டிடெக்டரைப் பார்த்துக்கொள்கிற பையனிடம், "மணிக்கு மணி ஏன் தம்பி நிறுத்தற, பீஸ் போகட்டும், சாயந்திரமா சேத்து எழுதிக்க" என்றேன். அன்றைக்கு ஒரு நாளைக்காகச் சொன்னது. அவனுக்கு அது அன்றோடு முடியவில்லை.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செப்டம்பர் நடுவில் ஒரு நாள் காலை, லேபிள் அடிக்கிற பெண் எழுந்து வந்து, "அக்கா, முன்னூறு பீஸுக்கு சைஸ் லேபிள் மாத்தி அடிச்சுட்டேங்க்கா" என்று தானாகச் சொன்னாள். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆன பொண்ணு. நான் ஜூனில் சொன்னதை நம்பி வந்தவள். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பத்து நிமிஷத்தில் மேனேஜர் வந்து என்ன விஷயம் என்று கேட்டதும், அவள் பெயரைச் சொல்லி, கையோடு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு முன்னால் நான் தப்பித்துக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. 8,400 பீஸ், வெள்ளை நிறத்தில் குழந்தைகள் செட். திங்கட்கிழமைக்குள் தூத்துக்குடியில் இருந்தாக வேண்டும். பையருக்காக, அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனிக்காக, இங்கே வேலையைப் பார்க்கிற பையிங் ஹவுஸிலிருந்து கியூசி ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருந்தார். அந்த அளவு லாட்டுக்கு 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல், அதாவது எவ்வளவு குறை வரை ஏற்றுக்கொள்ளலாம் என்கிற அளவு, 2.5 என்றால் பத்து மேஜர் குறை வரை பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில். எங்களுக்கு நான்குதான் வந்திருந்தது, நிம்மதியாக இருந்தேன். மூன்று மணி வாக்கில், கடைசி ஆயிரம் பீஸ் போய்க்கொண்டிருந்தபோது டிடெக்டர் கத்தியது. பிரித்துப் பார்த்தால் கழுத்துப் பட்டியான ரிப்புக்குள் மூன்று மில்லிமீட்டர் ஊசி முனை. ஊசி முனைக்குப் பத்து வரை பாஸ் என்கிற கணக்கெல்லாம் கிடையாது. குழந்தை கழுத்தில் குத்துகிற பொருள் அது.

கியூசி முதலில் ஊசி ரெஜிஸ்டரைக் கேட்டார். ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினில் இருக்கும் கட்டு முழுவதையும் தனியாக எடுத்துவிட வேண்டும். எங்கள் ரெஜிஸ்டரில் கடைசிப் பதிவுக்குப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. "முப்பத்தி நாலு மெஷின்ல பத்தொன்பது நாளா ஒரு ஊசிகூட உடையலையாங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்து டிடெக்டர் ஷீட்டைக் கேட்டார். அப்போது மணி மூன்று பத்து. ஷீட்டில் நான்கு, ஐந்து, ஆறு மணிக் கட்டங்களிலும் கையெழுத்து போட்டிருந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது.

ஷீட் பொய் என்று தெரிந்துவிட்டால், முன்னால் பாஸ் ஆன ஏழாயிரத்துச் சொச்சம் பீஸுக்கும் மதிப்பில்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்து மறுபடியும் பெல்ட்டில் விட்டோம். நான் இரண்டு ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. செவ்வாய் மதியம் முடிந்தபோது கப்பல் போய்விட்டது. பையர் பாதி பீஸையாவது தேதிக்குள் வேண்டும் என்றதால் 4,200 பீஸை விமானத்தில் அனுப்பினார்கள். கம்பெனிக்கு அந்த வகையில் மட்டும் சுமார் இரண்டு லட்சம் போனது. எனக்குத் தீபாவளிக்கு வரவேண்டிய இன்சென்டிவ் 12,000 ரூபாய் கிடைக்கவில்லை. ராத்திரி நின்றவர்களுக்குச் சாப்பாடு, ஆட்டோ என்று கையிலிருந்து 4,300 செலவு. அப்போது என் சம்பளம் 19,500. அடுத்த இரண்டு வாரத்தில் ஆறு டெய்லர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். திருப்பூரில் டெய்லர் நிற்பதற்குப் பெரிய காரணம் தேவையில்லை, எதிர் கம்பெனியில் நாளைக்கே மெஷின் கிடைக்கும். லேபிள் அடித்த பொண்ணும் அந்த ஆறில் ஒருத்தி. பழைய உற்பத்தி திரும்பி வர டிசம்பர் ஆகிவிட்டது.

யார் ஊசியை உடைத்தது என்று ஆளாளுக்குக் கேட்டேன், ஒருத்தரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம், எல்லாரும் கிளம்பிய பிறகு, ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற தாராபுரத்து அக்கா வந்து என் டேபிளுக்கு முன்னால் நின்றார். எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் பீஸை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தவர். "நாந்தானுங் கண்ணு. கழுத்து அடிக்கறப்ப ஒடஞ்சுது. முனையத் தேடுனேன், ஆப்படல. சொல்லலாம்னுதான் எந்திரிச்சேன். அன்னிக்குத்தான் லேபிள்காரப் புள்ளைய பேரு சொல்லி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அப்படியே உக்காந்துட்டேன். எங்கிட்ட இருந்த ஊசியப் போட்டு ஓட்டிட்டேன்" என்றார். டெய்லர்கள் நிறையப் பேர் சொந்தமாக ஊசி வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரெஜிஸ்டரில் பதிவு இல்லாததற்கு அதுதான் காரணம். சொல்வதைவிட, கைக்காசில் ஊசி வாங்கி வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. என்னிடமிருந்து பாதுகாப்பு.

அந்த அக்காவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் அழுதேன். நான் நல்லவள், நிலைமைதான் சரியில்லை என்று அதுவரை எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மூன்று விஷயத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பையனுக்கு ஷீட்டைப் பார்க்காமலேயே எழுதச் சொல்லிக் கொடுத்தது நிலைமை இல்லை, நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். இதை நீங்களும் செய்து பாருங்கள், ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். எனக்கு எது முக்கியம் என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் சுவரில் இருந்த அதே நான்கு வார்த்தைதான் வரும். கடந்த மூன்று மாதத்தில் எதற்கெல்லாம் கத்தினேன், எதையெல்லாம் கண்டும் காணாமல் விட்டேன், யாருக்கு முன்னால் பொய் சொன்னேன், எப்போது தூக்கம் வரவில்லை என்று எழுதினேன். கத்தியதெல்லாம் பீஸ் கணக்கு குறைந்ததற்கு. கண்டுகொள்ளாமல் விட்டதெல்லாம் ஷீட்டும் ரெஜிஸ்டரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எனக்கு எது முக்கியமாகத் தெரிந்திருக்கும் என்பது அந்த இரண்டு பக்கத்திலேயே இருந்தது. தூக்கம் வராத நாட்கள்தான் எனக்கு உதவின. அந்தப் பெண் அழுத நாள், ஆடிட்டுக்குச் சொல்லிக் கொடுத்த நாள், ஒன்றரை ஷிப்ட்டை முன்னால் சொல்லாமல் ஐந்து மணிக்குச் சொல்லி ஒரு கைக்குழந்தைக்காரியை நிறுத்தி வைத்த நாள். எனக்கு உண்மையிலேயே முக்கியமானது எது என்று அந்த மூன்று நாளிலிருந்துதான் எடுத்தேன்.

எடுத்ததை ஒற்றை வார்த்தையாக எழுதாமல், நான் என்ன செய்வேன் என்று எழுதினேன். லைனில் நடக்கிற தப்புக்கு மேலே என் பெயர்தான் போகும், யார் பெயரையும் சொல்ல மாட்டேன். நடக்காததை எழுத மாட்டேன், எழுதவும் சொல்ல மாட்டேன். கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்றால் மதியம் இரண்டு மணிக்குள் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு சொன்னால் நிற்காமல் போகலாம். இந்த மூன்றுதான். நான்காவதாக ஒன்று எழுதினேன், யாரிடமும் கத்த மாட்டேன் என்று. அதை அடித்துவிட்டேன். என்னால் காப்பாற்ற முடியாது என்று தெரியும், காப்பாற்ற முடியாததைச் சொன்னால் மற்ற மூன்றையும் நம்ப மாட்டார்கள்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் மறுபடியும் கூட்டினேன். இந்த முறை போர்டுக்குக் கீழே நிற்கவில்லை, கட்டிங் டேபிள் பக்கம் நின்றோம். லேபிள் விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று சொன்னேன், ஷீட்டைப் பார்க்காமலேயே எழுதச் சொன்னது நான்தான், அந்தத் தம்பி இல்லை என்று சொன்னேன். அப்புறம் என் கையில் இல்லாததையும் சொன்னேன். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு வாங்கிக் கொடுக்க என்னால் முடியாது, ஆனால் ஆடிட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று இனி நான் சொல்லிக் கொடுக்க மாட்டேன். இதைச் சொல்லும்போது கை நடுங்கியது. யாரும் கை தட்டவில்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த இடத்தில் மனசு விட்டுவிடாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை வார்த்தையைக் கேட்டு நம்ப மாட்டார்கள். அடுத்த தப்பு நடக்கும்வரை காத்திருப்பார்கள்.

அது ஒன்பது நாள் கழித்து வந்தது. சிங்கர் என்கிற ஒற்றை ஊசி மெஷின் ஓட்டுகிற ஒரு டெய்லர் கையைத் தூக்கினார், ஊசி உடைந்துவிட்டது, முனையைக் காணோம். மணி பதினொன்றே முக்கால், அந்த மணிக் கணக்கு ஏற்கெனவே குறைவு. எனக்கு உள்ளே கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் காந்தத்தை எடுத்துக்கொண்டு அவர் மெஷினுக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கெட்ட செய்தி வந்த முதல் பத்து விநாடியில் வாய்க்குப் பதிலாகக் கைக்கு ஒரு வேலை கொடுப்பது என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். எனக்கு அதுதான் உதவியது. இருபத்தைந்து நிமிஷம் தேடி, மெஷின் காலுக்குப் பக்கத்தில் கிடைத்தது. மேனேஜர் வந்து யார் மெஷின் என்று கேட்டார். "என் லைன் சார், எங்கிட்ட பேசுங்க" என்றேன். அந்த வார்த்தைக்கு அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். லைன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த மாதம் ஊசி ரெஜிஸ்டரில் 31 பதிவு. அதற்கு முந்தின மாதங்களில் மூன்றோ நான்கோதான் இருக்கும். மேனேஜர் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, நீ வந்து லைனையே கெடுத்துவிட்டாய் என்கிற மாதிரி பேசினார். ஊசி எப்போதும் இப்படித்தான் உடைந்துகொண்டிருந்தது, இப்போதுதான் எழுதுகிறார்கள் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பதிவு கூடுவது நல்ல அறிகுறி என்று மேலே இருக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். நான் சொல்லி வைக்கவில்லை, அந்த இரண்டு மாதமும் தினமும் திட்டு வாங்கினேன். எந்த மெஷினில் அடிக்கடி உடைகிறது என்று பதிவிலிருந்தே தெரிந்ததால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டு ஓவர்லாக்கைச் சரி செய்தோம், அதற்குப் பிறகு உடைவதும் குறைந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஆடிட்டுக்கு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க நான் மறுத்ததும், ஆபீசிலிருந்து வேறொருவரை அனுப்பிச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வருட சம்பள உயர்வில் எனக்கு மற்ற இன்சார்ஜுகளைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. காரணம் யாரும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான், இன்றைக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் நானே ஐந்து மணிக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் என்று அறிவித்துவிட்டேன். தாராபுரத்து அக்காதான், "ரெண்டு மணிக்கு மேல ஆயிருச்சுங்களே கண்ணு" என்றார். இருபது பேர் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு 600 பீஸ் குறைந்தது, நான் போய் மேனேஜரிடம் தாமதமாகச் சொன்னது என் தப்பு என்றேன். அவர்கள் கிளம்பிப் போனதை நான் தடுக்காததால்தான் அந்த விதி இன்னமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த நாளிலிருந்து மதியம் ஒன்றரைக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

லேபிள் அடித்த பொண்ணுக்கு மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, "சரிங்க்கா, பரவால்லீங்க்கா" என்றாள். வேறு கம்பெனியில் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். திரும்பி வரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வருகிற திங்கட்கிழமை நீங்கள் ஒரு லைனுக்குப் பொறுப்பேற்கப் போகிறீர்கள் என்றால், கூட்டம் போட்டுப் பேசுவதற்கு முன்னால் கடைசி மூன்று மாத ஊசி ரெஜிஸ்டரையும் டிடெக்டர் ஷீட்டையும் வாங்கிப் புரட்டுங்கள். வேறு தொழில் என்றால் உங்கள் இடத்தில் அதற்கு ஈடான நோட்டு எதுவோ அது. கையெழுத்தெல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் நாள் யாரையும் எதுவும் கேட்காதீர்கள். அன்றைக்கு மணிக்கு ஒருமுறை நீங்களே போய் பெல்ட்டை நிறுத்தி, கார்டை வைத்துப் பார்த்து, உங்கள் கையால் நேரம் எழுதுங்கள்.